தேச்சம்மா வீட்டுக் களத்தில் தானாக எரிந்த விளக்கு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கதை எழுத உட்காரவில்லை. கோவையிலிருந்து வரும் மாத இதழ் ஒன்றில் வீட்டுப் பராமரிப்புக்கு என்று ஒரு பக்கம் உண்டு. குழாய் ஒழுகினால் என்ன செய்வது, கதவு முனகினால் என்ன செய்வது என்று அதில் எழுதிவருகிறேன். இந்தத் தடவை ஆசிரியர் கேட்டது, வீட்டுக்கு வெளியே மாட்டும் சென்சார் விளக்கைப் பற்றி. ஆள் நடமாட்டம் கண்டால் தானாக எரிந்து, கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிற விளக்கு. அது ஆளே இல்லாமல் எரிந்தால் என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்வது? ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, போன தடவை மாதிரி சொந்தக் கதை வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

முதல் வரி எழுதினேன்.

'சென்சார் விளக்கு காரணமில்லாமல் எரிவதில்லை. காரணம் நம் கண்ணில் படுவதில்லை என்பதுதான்'

அந்த வரி அங்கேயே நிற்கிறது. எனக்கு நெருங்கிப் பழக்கமான சென்சார் விளக்கு ஒன்றே ஒன்றுதான். அது தேச்சம்மா அக்கா வீட்டுக் கூரை விளிம்பில், காப்பி காயவைக்கும் களத்தைப் பார்த்து மாட்டியிருப்பது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தேச்சம்மா அக்கா உள்ளே வந்துவிடுவார். அவர் வந்தால் துப்பாக்கியும் கூடவே வரும். துப்பாக்கி வந்தபிறகு பராமரிப்புப் பக்கத்தில் என்ன எழுதுவது? ஆசிரியரிடம் இந்த மாதம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

2

கதைக்குத் தொடக்கம் வேண்டும். மூன்று எழுதினேன்.

'பொன்னம்பேட்டையிலிருந்து உள்ளே பிரியும் சாலையில், பனி இறங்கும் மாலையில், காப்பிப் பூ மணக்க'

(விட்டுவிட்டேன். இது ஜனவரியில் நடந்த கதை. ஜனவரியில் காப்பி பூக்காது, பழம் பறிப்பார்கள். இருபது வருஷத்துக்கு மேல் குடகில் இருந்துவிட்டு இப்படி எழுதினால் பேனாவைப் பிடுங்கிவிடுவார்கள்.)

'கணவரை இழந்து, நான்கு ஏக்கர் தோட்டத்துக்கு நடுவே தன்னந்தனியாக வாழும் தேச்சம்மா, பாவம்'

இதை நிறுத்தியது நானில்லை, தேச்சம்மா அக்காவே. அவருக்குத் தமிழ் படிக்க வராது. ஆனால் தன்னைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து, எழுதியதை எல்லாம் அவர் மொழியில் மாற்றிச் சொல்லிக்காட்ட வேண்டும் என்பது கட்டளை. அவர் வீட்டை ஒட்டிய சின்ன வீட்டில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். தப்பிக்க வழியில்லை.

"அந்த வார்த்தைய எடு," என்றார்.

"எதுக்கா?"

"அந்தப் பாவம். நாலு ஏக்கர் காப்பியும், கொடியேத்தின மரமெல்லாம் மிளகும், ஃப்ரிட்ஜ் நெறய பன்னிக்கறியும் வெச்சிருக்கறவ எப்படிப்பா பாவம்? பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, காப்பிக் கம்பெனில கணக்கு எழுதிட்டு வந்து தெனம் ரசம் வெச்சுச் சாப்பிடற பாரு, நீதான் பாவம்."

எடுத்துவிட்டேன். மூன்றாவது தொடக்கம் தப்பிப் பிழைத்தது. அது இதுதான்.

3

விளக்கை வாங்கிவந்தது மகள்.

மகள் பெயர் பூவம்மா, வீட்டில் பூவி. பெங்களூரில் வேலை. கதிர் அறுக்கும் புத்தரிப் பண்டிகைக்கு வந்திருந்தபோது, இரண்டு தோட்டம் தள்ளி ஒரு களத்தில் காயவைத்திருந்த காப்பியை யாரோ மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போன செய்தி காதில் விழுந்தது. மறுநாளே கோணிக்கொப்பலுக்குப் போய் இந்த விளக்கை வாங்கிவந்து மாட்டவைத்தாள்.

"அம்மா, இது எரிஞ்சா யாரோ வந்திருக்காங்கன்னு அர்த்தம். கதவத் தெறக்காத. எனக்கு போன் பண்ணு."

"பண்ணினா? பெங்களூர்லேர்ந்து கைய நீட்டித் திருடனப் பிடிச்சிருவியா?"

பூவி சிரிக்கவில்லை. போன மழைக்காலத்தில் அம்மா பாசிக்கல்லில் வழுக்கி விழுந்ததிலிருந்தே அவளுக்குச் சிரிப்பு குறைந்துவிட்டது.

பறிப்பு தொடங்கிய வாரத்திலேயே விளக்கு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. பொழுது சாய்ந்ததும் எரியும், அணையும், மறுபடி எரியும். களத்தில் ஒரு பூனை கூட இருக்காது. பூவி தினமும் ஏழு மணிக்கு அழைப்பாள்.

"இன்னிக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"யாரு வந்தா?"

"யாருமில்ல."

எரியவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தேச்சம்மா அக்காவுக்குப் பொய் வராது. வந்தாலும் அரை நிமிஷத்தில் அவரே உடைத்துவிடுவார். அந்த 'யாருமில்ல'தான் பூவியின் தூக்கத்தைக் கெடுத்தது. யாராவது வந்தால்கூடப் பரவாயில்லை, யாருமே இல்லாமல் விளக்கு எரிகிற இடத்தில் அம்மா தனியாக இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பறிப்பு முடிந்ததும் தோட்டத்தைக் குத்தகைக்கு விட வேண்டும், அம்மா பெங்களூர் வந்துவிட வேண்டும், அறை தயார்.

அன்றைக்கு தேச்சம்மா அக்கா என் கதவைத் தட்டினார்.

"நீ பத்திரிகைல எழுதறவன்தானே? இந்த வெளக்கச் சரி பண்ணு."

"நான் எழுதறவன்தான்க்கா. வேலை தெரிஞ்சவன் இல்ல."

"அது எனக்குத் தெரியும். இருந்தாலும் பண்ணு. பறிப்பு முடியறதுக்குள்ள இது ஒழுங்கா எரியலன்னா நான் லிஃப்ட்ல ஏறி எறங்கிக்கிட்டே சாகணும். பால்கனில தொட்டி வெச்சு கருவேப்பில நட்டிருக்காளாம். நான் போய் அதுக்குத் தண்ணி ஊத்தணுமாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கை மட்டும் கதவு நிலையை விடவில்லை.

(நீங்கள் கேட்கப்போகிற கேள்வியை நானும் கேட்டேன். சுவிட்சை அணைத்துவிட்டால் என்ன? "புள்ள வாங்கிக் குடுத்தத அணைச்சா, நான் பயந்துட்டேன்னு ஆயிடும்," என்றார். இதற்குமேல் இந்தக் கதையில் அந்தக் கேள்வி வராது.)

4

இனி கொஞ்சம் கட்டுரை. ஆசிரியருக்கு எழுதவேண்டியது வீணாகப் போகக் கூடாது அல்லவா.

சென்சார் விளக்கு ஆளைப் பார்ப்பதில்லை. சூட்டைப் பார்க்கிறது. தன் பார்வைக்குள் இருக்கும் சூடு இடம் மாறினால் எரிகிறது, அவ்வளவுதான். மனிதன், மாடு, வெந்நீர் ஆவி எல்லாம் அதற்கு ஒன்றே. ஆகவே முதலில் அதன் கண்ணைத் துடைக்க வேண்டும். துடைத்தேன். சிலந்தி ஒன்று அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அதை மரியாதையாக மிளகுக் கொடிக்கு மாற்றினேன். விளக்கு அன்று மாலையும் எரிந்தது.

அடியில் மூன்று திருகு இருக்கும். எவ்வளவு நேரம் எரிய வேண்டும், எவ்வளவு இருட்டினால் விழித்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பவை. தூரத்தைக் குறைத்தேன். எரிந்தது. இன்னும் குறைத்தேன். நான் நேராகப் போய் நின்று கையை ஆட்டினாலும் கண்டுகொள்ளவில்லை, யாரும் இல்லாதபோது மட்டும் எரிந்தது. (இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன். ஆனால் அன்று எனக்கு அப்படித்தான் பட்டது.)

காற்றில் ஆடுகிற கிளையை வெட்டச் சொல்வார்கள். வெட்டினோம். வெந்நீர் அடுப்பின் புகை அந்தப் பக்கம் போகிறதோ என்று புகைக்குழாயைத் திருப்பினோம். என் குளியலறை முழுக்கப் புகை வந்தது, விளக்கு எரிவது நிற்கவில்லை. பிறகு விளக்கின் கண்ணில் ஒரு பாதியைக் கறுப்பு டேப்பால் மூடினேன். வலப்பாதியை மூடினால் எரிந்தது. இடப்பாதியை மூடினால் கொஞ்சம் குறைந்தது. அந்த இடத்தில் ஒரு புத்திசாலி நின்று யோசித்திருப்பான். நான் சந்தோஷப்பட்டு உள்ளே போய்விட்டேன்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தேச்சம்மா அக்காவின் வேலை. அந்த வேலையில் அவர் வாயும் ஓயவில்லை.

"எங்க வீட்டுக்காரர் இருந்தா இத ஒரே நாள்ல கழட்டித் தூக்கிப் போட்டிருப்பாரு."

"கழட்டிரட்டுமாக்கா?"

"கழட்டினா நீயும் கூடவே கெளம்பு."

5

இந்த இடத்தில் பேய்க்கதை ஒன்றுக்கு வழி திறந்து கிடக்கிறது என்பதை நானும் கவனிக்காமல் இல்லை. அக்காவின் கணவர் மந்தண்ணா தவறிப்போய் நாலைந்து வருஷம் ஆகிறது. பொழுது சாயும் நேரம், ஆளில்லாத களம், தானாக எரியும் விளக்கு. எழுதியே பார்த்தேன்.

'அவர் வழக்கமாக வீடு திரும்பும் நேரத்தில்தான் விளக்கு எரிந்தது என்பதை அவள் அன்றுதான்'

சொல்லிக்காட்டியபோது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அவரா? உசுரோட இருந்தப்பவே பொழுது சாஞ்சா கிளப்ப விட்டு அசையாத மனுஷன். செத்தப்பறமா ஆறரை மணிக்கு வீட்டுக்கு வரப்போறாரு?"

அத்தோடு பேய் போய்விட்டது.

வயரிங் வேலை பார்க்கும் ஹம்சாவைக் கதைக்குள் கொண்டுவரலாமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. ஹம்சா நிஜமாகவே வந்தார், வேறொரு புது விளக்கை மாட்டிப் பார்த்தார், அதுவும் அதேபோல எரிந்தது, ஒரு காப்பி குடித்தார், போய்விட்டார். ஒரு பாத்திரத்துக்கு இது போதாது. ஆனால் அவர் வந்துபோனதால் ஒன்று தெளிவானது. கோளாறு விளக்கில் இல்லை.

6

துப்பாக்கிக்கு வந்துவிட்டேன். இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தேன். ஆகவே இந்தப் பகுதிக்கு இரண்டு வடிவம் இருக்கிறது.

இரண்டுக்கும் பொதுவானது இவ்வளவு: அன்று மாலை காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. விளக்கு வழக்கத்தைவிட அதிகமாக எரிந்து எரிந்து அணைந்தது. பூவி அன்று சீக்கிரமே அழைத்து, "சனிக்கிழம வர்றேன். துணிமணிய எடுத்து வெய்யி. பறிப்ப ஆள் வெச்சு முடிச்சுக்கலாம்," என்று சொல்லிவிட்டாள். அக்கா போனை வைத்தார். உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த மந்தண்ணாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்தார். காட்டுப்பன்றிக்கு என்று வைத்திருந்த ஒற்றைக் குண்டுத் தோட்டா இரண்டைப் போட்டார். களத்தில் இறங்கினார்.

அக்காவின் வடிவம்: யாராவது ஒளிந்திருந்தால் ஓடட்டும் என்று வானத்தைப் பார்த்து இரண்டு தடவை சுட்டார்.

என் வடிவம்: விளக்கைப் பார்த்துச் சுட்டார். இரண்டும் தவறிவிட்டன.

என் வடிவத்துக்குச் சாட்சி, விளக்குக்கு இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக உடைந்த கூரை ஓடுகள்.*

* "ஓடு பழசு. சத்தத்துக்கே ஒடஞ்சிருக்கும். எங்க ஆளுங்க படிக்கற எடத்துல நான் ரெண்டு குண்டும் தவறவிட்டேன்னு எழுதின, வாடகைய ஏத்திருவேன்." தமிழில்தானே எழுதுகிறேன், இங்கே யார் படிக்கப்போகிறார்கள் என்று சமாதானம் சொன்னேன். மேட்டுத் தோட்டத்துப் பெள்ளியப்பா ராணுவத்தில் இருந்தபோது ஊட்டிப் பக்கம் ரொம்ப நாள் இருந்தவர், எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார் என்றார். ஆகவே பெள்ளியப்பா அண்ணன் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: அக்கா வானத்தைப் பார்த்துத்தான் சுட்டார்.

வானமோ விளக்கோ, சத்தம் ஒன்றுதான். அடுத்தடுத்து இரண்டு வெடி. இங்கே குடகில் பல வீடுகளில் துப்பாக்கி உண்டு. ஒரு வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி வெடிப்பார்கள். அடுத்தடுத்து இரண்டு கேட்டால் அந்த வீட்டில் சாவு. தந்தியும் தொலைபேசியும் வருவதற்கு முன்பே இருந்த ஏற்பாடு, இன்றும் போனைவிட வேகமாகப் போய்ச் சேர்கிறது.

அக்காவுக்கு இது தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். கோபத்தில் மறந்துபோனது. ஒரே குண்டில் விளக்கு உடைந்திருந்தால் ஊர் குழம்பிப்போய், இந்த வயதில் யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று விசாரிக்க வந்திருக்கும். (இந்த வரியை அக்காவுக்கு மாற்றிச் சொல்லவில்லை.)

7

நான் சோப்பு நுரையோடு ஓடினேன். இடுப்பில் துண்டு. என் தலைக்குள் இருந்தது ஒரே நினைப்பு: அக்கா போய்விட்டார். களத்தின் நடுவே அவர் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என் துண்டைப் பார்த்தார்.

"எதுக்குடா ஓடி வர்ற?"

"அக்கா... ரெண்டு வெடி..."

அப்போதுதான் அவர் முகம் மாறியது. "அய்யய்யோ," என்றார். "ஊரே வருமே!"

வந்தது. முதலில் மேட்டுத் தோட்டத்து சுபேதார் பெள்ளியப்பா. ராணுவத்தில் ஓய்வு பெற்று வந்தவர், எதையும் அவசரப்படாமல் செய்கிறவர். அன்று வெள்ளைச் சட்டையைத் தப்பான பொத்தானில் மாட்டிக்கொண்டு, குறுக்கு வழியில் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி. அவருக்குப் பின்னால் ஒரு ஜீப். அதற்குப் பின்னால் டார்ச்சுகள், சாலையிலிருந்தும் ஓடைப் பக்கமிருந்தும். சாவு வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பதால் ஒருவர் வரும்போதே ஒரு தூக்குச் சோற்றோடு வந்திருந்தார். தன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்களை எழுப்பிவிட்டு அதை எடுத்து வந்தாராம்.

பெள்ளியப்பா அக்காவைப் பார்த்தார். நின்றார்.

"நீ செத்துப் போகலையா?"

"இல்ல. உனக்கு வருத்தமா?"

அவர் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த காப்பிக் குவியல்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எத்தனையோ சாவைப் பார்த்த மனுஷன். அவர் தோள் குலுங்குவதை எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு திடீரென்று எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார்.

"என்ன இது, அடியில அடுப்பு வெச்சிருக்கீங்களா? சுடுது!"

காப்பி. நாள் முழுக்க வெயிலில் காய்ந்த காப்பி. பொழுது சாய்ந்ததும் அதைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். வெளியே குளிர், உள்ளே அன்றைய வெயில். காற்று வந்து தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கும்போதெல்லாம் சூடு எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போகும். விளக்குக்கு அது போதும்.

இதில் கூத்து என்னவென்றால், முன்பெல்லாம் களத்தின் அந்தக் கோடியில் குவித்துக்கொண்டிருந்த காப்பியை, புது விளக்கு வந்தபிறகு, அதன் காவலில் பத்திரமாக இருக்கட்டும் என்று அதன் கண்ணுக்கு நேர் கீழே, இடப்பக்கமாகக் குவிக்கச் சொன்னது தேச்சம்மா அக்கா. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது நான். காப்பியைக் காக்க வந்த விளக்கு காப்பியைப் பார்த்தே தினமும் அலறியிருக்கிறது.

நான் இதை உரக்கச் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. எனக்கு ஒரு சட்டை கொடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

8

இப்போது நான் எழுதத் தயங்குகிற பகுதி.

செத்தவர் எப்படித் துப்பாக்கி வெடிப்பார்? வீட்டில் இருப்பதே ஒரு ஆள். அவர் செத்திருந்தால் வெடித்தது யார்? இவ்வளவு பேரில் ஒருவருக்குக்கூட இந்தச் சந்தேகம் வரவில்லையே என்று பெள்ளியப்பாவிடம் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"நீ சுட்டேன்னு நெனச்சோம்."

"நானா?"

"பின்ன யாரு சுடுவா? அந்த வீட்டு ஆளுதானே சுடணும்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஜீப்பிலிருந்து ராணுவக் கேன்டீன் ரம் எடுக்கப் போய்விட்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. காப்பிக் குவியலின் தார்ப்பாயை இழுத்துச் சரிசெய்வது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொந்த ஊரில் எனக்கு ஒரு வீடும் இல்லை, என்னை எதிர்பார்ப்பவரும் இல்லை. இங்கே நான் வாடகைக்காரன், வெளியூர்க்காரன், காப்பிக் கம்பெனிக் கணக்கன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்கள் எப்போதோ என்னை வேறு இடத்தில் வைத்துவிட்டு, அதை என்னிடம் சொல்ல வேண்டும் என்றுகூட நினைக்காமல் இருந்திருக்கிறார்கள். நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. வேறு சொல் தெரியாததால் அதையே எழுதுகிறேன். நன்றி.

அப்போது அக்காவின் போன் அடித்தது. பெள்ளியப்பாவின் மனைவி வெடிச்சத்தம் கேட்ட கையோடு பூவிக்குச் சொல்லிவிட்டிருந்தார். பூவி காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெங்களூரைத் தாண்டும் முன், யாராவது எடுப்பார்கள் என்று அம்மா எண்ணுக்கே அழைத்திருக்கிறாள்.

"யாரு?" என்றார் அக்கா.

அந்தப் பக்கம் கார் ஓடுகிற இரைச்சல்தான் கேட்டது.

"பூவி? நாந்தான். நான் சாகல. வெளக்கு மேல கோவத்துல..." நிறுத்திக்கொண்டார். "வானத்தப் பாத்துச் சுட்டேன். அழாத. அழாதடி. மொதல்ல வண்டிய ஓரமா நிறுத்து. நிறுத்திட்டியா? ம். இப்ப அழு."

தலைக்கு மேல் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அத்தனை பேர் நின்றால் அது எப்படி அணையும்?

பிறகு அக்கா போனை என்னிடம் நீட்டினார். "உங்கிட்ட பேசணுமாம்."

"கதிர் அண்ணா." பூவி மூக்கை உறிஞ்சினாள். "அங்க யாரெல்லாம் இருக்காங்க?"

"எல்லாரும் இருக்காங்கம்மா. களத்துல நிக்க எடமில்ல. சோறு கூட வந்திருச்சு."

"இவ்ளோ சீக்கிரமாவா?"

"என் தலைல இன்னும் சோப்பு காயல. அதுக்குள்ள."

அவள் அழுகையோடு சிரித்தாள். பிறகு சொன்னாள். "தெனமும் ஒரே பயம்ணா. அம்மாவுக்கு எதாவது ஆனா, விடியற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடுமோன்னு. இப்ப போன் வந்தப்ப ரெண்டு வெடி கேட்டுதுன்னாங்க. எனக்கு ஒரு நிமிஷம்கூட, யாரு சுட்டிருப்பான்னு தோணல. கதிர் அண்ணன் இருக்காரு, அவரு பாத்துட்டாரு, ஊருக்குச் சொல்லிட்டாருன்னுதான் நெனச்சேன்."

"வெளக்கு ஏன் எரிஞ்சுதுன்னு கண்டுபிடிச்சிட்டோம்," என்றேன். "காப்பிச் சூடு. குவியல அந்தக் கோடிக்கு மாத்திட்டா சரியாயிடும்."

"வெளக்கு கெடக்குதுண்ணா. நீங்க அங்கயேதானே இருப்பீங்க?"

"இருப்பேன்."

"அப்ப அம்மாவும் இருக்கட்டும்."

9

ஒரு கதைக்கு இதோடு முடிவு வந்துவிட்டது. சாவு இல்லை என்று ஆனதும் ஃப்ரிட்ஜிலிருந்த பன்றிக்கறி அடுப்புக்கு வந்தது, கடம்புட்டு என்கிற அரிசி உருண்டை அவிந்தது, தூக்குச் சோறு கொண்டுவந்தவர் முதல் பந்தியில் உட்கார்ந்தார். இதையே கடைசி வரியாக வைத்துவிடலாம். இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். அதில் பூவி சனிக்கிழமை வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து

(இல்லை. சனிக்கிழமை அவள் வந்தது நிஜம். கட்டிப்பிடிக்கவில்லை. உடைந்த கூரை ஓடுகளை மாற்ற ஆன செலவை யார் தருவது என்று இருவரும் சண்டை போட்டார்கள்.)

எழுதி முடித்தேன் என்று நினைத்து, நேற்றுச் சாயங்காலம் முழுவதையும் அக்காவுக்குச் சொல்லிக்காட்டினேன். எட்டாவது பகுதி வந்ததும் அவர் எதிர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அது வழக்கமில்லை. கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார்.

"பெள்ளியப்பா சொன்னது சரிதான். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பூவி பெங்களூர்லேர்ந்து வந்து சேர நேரமாகும். நீதான் சுடணும்."

"என்னக்கா பேச்சு இது?"

"நெஜமாத்தான் கேக்கறேன். சம்மதமா, இல்லயா?"

"எனக்குத் துப்பாக்கி பிடிக்கவே தெரியாதே."

"வானத்தப் பாத்துச் சுடறதுக்கு என்ன தெரியணும்? அது ஒண்ணுதான் யாராலயும் தவறவிட முடியாத குறி." சொன்னபிறகு தன் கூரையை நிமிர்ந்து பார்த்து, புது ஓடுகள் இரண்டையும் கண்டு, பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

சம்மதம் என்றேன். அவர் கீழே வைத்த காப்பியை மறுபடி கையில் எடுத்தார்.

ஆக, வாசகரே, இந்தக் கதையின் முடிவு எது என்று எனக்குத் தெரியும். அதை எழுதும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டுவிட்டேன். அது இரண்டு சத்தம். அதை இந்தக் காகிதத்தில் நான் எழுத மாட்டேன். எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுவேன். முடிவில்லாத கதை பிடிக்காது என்பவர்கள் மன்னிக்க வேண்டும், அல்லது அவரவர் இஷ்டத்துக்கு வேறொன்றை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேலை இருக்கிறது. பொழுது சாய்கிறது, களத்திலிருந்து அக்கா சத்தம் போடுகிறார், தார்ப்பாயின் இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டுமாம்.